கப்பல் வரும் துறைமுகம், கேபிள் வராத ஊர்

திருகோணமலையிலிருந்து வெளியுலகத்துக்கு ஒலி அனுப்புவது புதுத் தொழில் அல்ல. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984 இல் இந்த மாவட்டத்தில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் தொடங்கியது. 250 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பிகள், உயர்ந்த கம்பங்கள், அவற்றுக்கிடையே வலைபோல் கட்டிய கம்பிகள் என்று ஒரு பெருங்காணி முழுக்கப் பரவிய ஏற்பாடு அது. சுற்றிலும் போர் நடந்தபோதும் ஆசியாவுக்கான நிகழ்ச்சிகள் அங்கிருந்து போய்க்கொண்டிருந்தன. பிறகு ஜேர்மன்காரர் விலக, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது.

இன்று உவர்மலையிலோ பாலையூற்றிலோ கிண்ணியாவிலோ இருக்கும் ஒரு பொடியன், தான் விளையாடுவதை டொரொன்டோவில் இருக்கும் மச்சானுக்குக் காட்ட நினைத்தால் காணியும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு பெட்டி போதும். கப்ச்சர் கார்ட் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அது வந்த பிறகுதான் உண்மையான சிக்கல்கள் தொடங்குகின்றன. அவற்றில் பாதி அந்தப் பெட்டியோடு சம்பந்தப்பட்டவையே அல்ல.

பெட்டி செய்யும் வேலை எளிது. பிளேஸ்டேஷனிலிருந்து ரி.வி.க்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரை இடையில் மறித்து, அதில் ஓடும் படத்தையும் ஒலியையும் யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குக் கொடுக்கிறது. கணினிக்கு அது ஒரு வெப்கமரா மாதிரித்தான் தெரியும். அங்கே ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் அந்தப் படத்தை வாங்கி, மூலையில் உங்கள் முகத்தையும் மைக்கின் குரலையும் சேர்த்து, சுருக்கி, யூடியூப்புக்கு அனுப்பும் அல்லது டிஸ்கில் சேமிக்கும். 2012 இல் ஒரு தனிமனிதர் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்று விளையாட்டு நேரலைகளுக்கு உலகமெங்கும் பரவலாகப் பாவிப்பது அதைத்தான்.

கடையில் நிற்கும்போதுதான் முதற் குழப்பம். சில ஆயிரம் ரூபாய்க்கு விரல் நீளத்தில் ஒன்று இருக்கும். எல்காட்டோ, அவர்மீடியா போன்ற கம்பனிப் பெட்டிகள் அதைவிடப் பல மடங்கு விலை. எல்காட்டோவின் எச்.டி. 60 எக்ஸ் வெளிவந்தபோது ஏறக்குறைய 200 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் சுங்கவரிக்கு முன்பே 60,000. ஒரு கடையில் காதில் விழுந்த பேச்சு இது.

“அண்ணா, சின்னதிலயும் 4கே எண்டு போட்டிருக்குத்தானே?”

“அது உள்ள வாறதுக்குத் தம்பி. வெளிய போறதுக்கு இல்ல.”

கடைக்காரர் சொன்னது சரி. அந்தச் சின்னப் பெட்டி 4கே படத்தை வாங்கிக்கொள்ளும். கணினிக்குக் கொடுப்பது 1080 அளவில்தான், அதுவும் பெரும்பாலும் வினாடிக்கு 30 படங்கள். காரணம் வெறும் கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட், வினாடிக்கு 60 படங்கள் என்று பெருக்கினால் ஏறக்குறைய 2 கிகாபிட் வரும். யூ.எஸ்.பி. 2 கொண்டுபோகக்கூடியது 480 மெகாபிட். ஆகவே மலிவுப் பெட்டி ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக நசுக்கித்தான் அனுப்புகிறது. கடுஞ்சிவப்பு எழுத்துகளின் ஓரம் கரைந்து தெரிவது இதனால்தான். 5 கிகாபிட் ஓடும் யூ.எஸ்.பி. 3 பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

மலிவுப் பெட்டிகள் பலவற்றில் எம்.எஸ். 2109 என்ற சிப் இருக்கும். அதற்கு ஒரு குணம்: 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியை வைத்துக்கொண்டு, கணினிக்குத் தன்னை 96 கிலோஹேர்ட்ஸ் மோனோ என்று அறிமுகம் செய்யும். இடது காதுக்கும் வலது காதுக்கும் உரியவை ஒன்றோடொன்று பின்னிப்போய், எந்தப் பக்கமிருந்து சுடுகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. மைக்கில்தான் பழுது என்று நினைத்துப் புது மைக் வாங்கியவர்கள் உண்டு. மைக் பாவம்.

இன்னொன்றையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். கம்பனிப் பெட்டிகளில் ரி.வி.க்குப் போக இரண்டாவது எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கும், மலிவானவற்றில் அனேகமாக இராது. ஓ.பி.எஸ். திரையைப் பார்த்தே விளையாடலாம் என்று இறங்கினால், விசையை அழுத்தி ஒரு கணம் தாமதித்துத்தான் ஆள் நகருவான். சண்டை விளையாட்டில் அதற்குள் செத்துப்போவீர்கள். தனியாக ஒரு ஸ்பிளிட்டர் வாங்கி ரி.வி.க்கு ஒரு கிளை கொடுப்பதே வழி. பிளேஸ்டேஷன் 4, 5 என்றால் செட்டிங்ஸில் எச்.டி.சி.பி. என்ற பூட்டையும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை கறுப்பாகத்தான் வரும். பூட்டைத் திறந்த நிலையில் அதே இயந்திரத்தில் நெட்ஃபிளிக்ஸ் ஓடாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இவ்வளவும் சொன்னாலும், இங்கே பெரும்பாலான பொடியன்கள் விளையாடுவது போனில்தான். ஃப்ரீ ஃபயர், பப்ஜி. இந்தியாவில் பப்ஜி மொபைல் 2020 செப்டெம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பெப்ரவரியிலும் தடையாயின. இலங்கையில் இரண்டும் தொடர்ந்தன. போன்காரர்களுக்கு என் பேச்சு ஒன்றுதான்: கார்ட் வாங்காதீர்கள். மலிவு அன்ட்ரொய்ட் போன்களில் டைப்-சி ஓட்டை இருந்தாலும் அதன் வழியே படம் வெளியே வராது. அன்ட்ரொய்ட் 11 முதல் திரையைப் பதிவு செய்யும் வசதி போனிலேயே இருக்கிறது. கார்ட் தேவைப்படுவது பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கும், ஒரு கணினியில் விளையாடி இன்னொன்றால் ஒளிபரப்புபவர்களுக்கும். ஸ்விட்ச் லைட் என்றால் அதுவும் இல்லை; அதிலிருந்து படம் வெளியே எடுக்க வழியே கிடையாது.

இனி உண்மையான முட்டுக்கட்டை. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த ஊர் இது. போர்க்கப்பலும் வந்தது, கோதுமைக் கப்பலும் வருகிறது. ஆனால் இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும். நீங்கள் உட்துறைமுக வீதியில் இருந்து அனுப்பும் படம், கடல் கண்ணுக்கு முன்னால் இருக்க, முதலில் தீவை ஊடறுத்து மேற்குக்கோ தெற்குக்கோ போய்த்தான் கடலுக்குள் இறங்குகிறது. அதனால் வரும் தாமதம் சில மில்லிவினாடிகள்தான், அது பெரிதில்லை. பெரிது அப்லோட். பழைய செம்புக் கம்பி ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் கீழிறங்குவது 24 மெகாபிட் வரை போனாலும் மேலேறுவது ஒன்றரை மெகாபிட்டைத் தாண்டாது. 1080 படத்தை வினாடிக்கு 60 என்று ஒழுங்காக அனுப்ப 6 மெகாபிட்டாவது வேண்டும். ஃபைபர் வந்த தெருக்காரனுக்குக் கவலை இல்லை. 4ஜி றவுட்டரில் ஓடுபவனுக்கோ, இரவு எட்டு மணிக்கு முழு ஊரும் போனைக் கையில் எடுக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடையும்.

டேட்டாக் கணக்கும் உண்டு. 6 மெகாபிட்டில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 2.7 கிகாபைட். இரவுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் எட்டுக்கு மேல். மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ரீலோட் போட்டே ஆள் ஓய்ந்துவிடுவான். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. கம்பி எட்டாத இடங்களுக்கு அது வழிதான், ஆனால் அதன் மாதக் கட்டணம் பள்ளிக்கூடப் பொடியனின் கைக்கு அடங்காது.

ஆகவே நேரலையை விட்டுவிட்டுப் பதிவுக்குப் போங்கள் என்பதே என் கட்சி. சில கப்ச்சர் பெட்டிகளில் எஸ்.டி. கார்ட் போடும் இடம் உண்டு; சுருக்கும் வேலையைப் பெட்டியே செய்துவிடும், கணினியே தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தை நினைத்தால், கரண்ட் இருக்கும்போது பதிவு செய்து வைப்பதன் அருமை விளங்கும். அந்த ஆண்டு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, இப்படிப்பட்ட சாமான்கள் எல்லாம் கைக்கெட்டாமல் போனதும் நினைவிருக்கும். பதிவு செய்து, வெட்டித் தைத்து, ஊர் உறங்கியபின் அப்லோட்டைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஏறியிருக்கும். இரவில் டேட்டா மலிவாகக் கிடைக்கும் பெக்கேஜ்களும் உண்டு. நேரலையே வேண்டும் என்பவர்கள் நேரத்தையாவது பார்க்கட்டும்: இங்கே இரவு எட்டரை என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் மூன்று, டொரொன்டோவில் காலை பத்து. ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று இடத்திலும் தமிழ்ச்சனம் வீட்டில் இருக்கும்.

இந்த நேரக் கணக்கை எங்கள் வீடியோக்காரர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் கொடியேற்றமும் தேரும் கலியாணமும் செத்தவீடும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாகப் போயின. கமராவின் எச்.டி.எம்.ஐ.யில் செருகியது இதே பெட்டியைத்தான். விளையாட்டுக்காரர்களுக்கென்று செய்த சாமான் கோயில் வீதியில் பழகி, இப்போது அதே வீட்டுப் பொடியனின் மேசைக்குத் திரும்பியிருக்கிறது. ஸ்டூடியோக்காரரிடம் பாவித்த பெட்டி ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், ஆனால் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்த பிறகு. கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று முதலில் கைவைப்பது அங்கேதான். பொன்னிறத் தகடுகளின் நுனியில் பச்சையாக ஒரு பூச்சு படிந்திருக்கும். வயரைச் செருகினால் படம் வரும். மேசையில் கை பட்டால் போகும். ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காயவைத்து, சப்பாத்துப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு வைத்தால் பெட்டி நெடுநாள் உழைக்கும்.

பெரியவர்கள் முகம் சுளிப்பது செலவுக்காக மட்டும் அல்ல. உண்மையான துவக்குச் சத்தத்தில் வாழ்ந்த சனம், அறைக்குள்ளிருந்து வரும் வெடிச்சத்தத்தைக் கேட்டு எரிச்சல்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், வேறு பேச்சு வேண்டாம். கடற்படையின் டொக்யார்ட் பக்கம் கமராவைத் திருப்பினால் இன்றும் கேள்வி வரும். திரைக்குள் ஒரு துறைமுகத்தையே கொளுத்தலாம், எவரும் கேட்கமாட்டார்கள்.

அந்தத் திரைக்குள்ளும் எங்கள் கடல் இருக்கிறது என்பதை இங்கே எத்தனை பேர் கவனித்தார்களோ. வேர்ல்ட் ஒஃப் வோர்ஷிப்ஸ் என்ற கடற்போர் விளையாட்டில் பிரித்தானிய வரிசையில் ஹேர்ம்ஸ் என்றொரு விமானந்தாங்கிக் கப்பல் வரும். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதற்கப்பல் அது. 1924 இல் சேவைக்கு வந்தது. 1942 ஏப்ரலில் அது நின்றது திருகோணமலைத் துறைமுகத்தில். ஜப்பானியர் வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்து 8ஆம் திகதி இரவே வெளியேறித் தெற்கே போனது. 9ஆம் திகதி காலை துறைமுகத்தில் குண்டு விழுந்தது. திரும்பிவந்துகொண்டிருந்த ஹேர்ம்ஸை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மடக்கி மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கூடச் சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அதே கடலில் தாழ்ந்தது. விளையாட்டில் ஹேர்ம்ஸின் மேற்தளத்திலிருந்து விமானங்கள் வரிசையாகக் கிளம்பும். அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. எல்லாம் கரையில் நின்றன. இதை விளையாடிக்கொண்டே தமிழில் சொல்ல திருகோணமலைக்காரனை விடப் பொருத்தமான ஆள் யார்? ஃப்ரீ ஃபயரில் தலையில் சுட்ட கதையைச் சொல்ல ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

கொழும்பில் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. 2019 இல் அதை ஒரு விளையாட்டாக அரசும் ஏற்றது. அதன் சூடு கிழக்குக்கு இன்னும் சரியாக வரவில்லை. இங்கே இருப்பவனுக்கு யூடியூப்தான் மைதானம். அதற்கும் விதிகள் உண்டு: தனியாக நேரலை போட 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், 2025 ஜூலையிலிருந்து. விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டுக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் என்பது வழமையான கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் இவ்வகை வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உச்சமாக 15 வீத வரி. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருப்பதால் தொடங்குபவர்கள் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது விலாசம். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு பின் இலக்கத்தைத் தபாலில் அனுப்பும், காகிதத்தில், கடித உறையில். நாலு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஒழுங்கைக்குப் பெயர் இல்லாத இடங்களில் இருப்பவர்கள், தபால்காரருக்குத் தெரிந்த அப்பாவின் பெயரையும் சேர்த்து விலாசம் எழுதுங்கள்.