உங்களுக்குத் தெரியுமா? ‘பத்மநாபபுரம்’ என்று நினைப்பாலேயே எழுதலாம்!

கை அசையாது, பேச்சு வராது, ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக 1988-இல் ஃபார்வெல், டோன்சின் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 36 கட்டங்கள் கொண்ட எழுத்துப் பலகை ஒன்றைக் கணினித் திரையில் அமைத்தார்கள். குறுக்கு வரிசைகளும் நெடுக்கு வரிசைகளும் மாறி மாறி மின்னும். நாம் எண்ணியிருக்கும் எழுத்து மின்னியதும், ஏறத்தாழ நொடியில் மூன்றில் ஒரு பங்கில் மூளையில் ஓர் அலை எழும். தலையில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடித்துவிடும்.

247 எழுத்துள்ள தமிழ் 36 கட்டத்தில் அடங்குமா? அடங்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையின் வழி அதுதான்: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. உயிர்மெய்யைக் கணினியே சேர்த்துக்கொள்ளும். மீதி ஐந்தில் புள்ளியும் இடைவெளியும் அழிப்பும்கூட இடம்பெறலாம்.

தக்கலை பக்கத்து அரண்மனை ஊரான பத்மநாபபுரத்தின் பெயரையே அடித்துப் பாருங்கள். ‘ப’ அடுத்தடுத்து இருமுறை வந்தால் தமிழ்99 தானாகவே ‘ப்ப’ ஆக்கிவிடும். நடுவே ஓர் ‘அ’ தட்டினால்தான் ‘நாபபுரம்’ சரியாக வரும். மொத்தம் 13 தட்டுகள். 1988-இன் வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து, அந்தக் கணக்கில் ஊர்ப்பெயர் எழுத ஐந்தரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். பேச முடியாத ஒருவர் தன் ஊரைத் தானே சொல்ல, அந்த ஐந்தரை நிமிடம் காத்திருக்கலாம்.

இன்று எமோட்டிவ், நியூரோஸ்கை போன்ற மூளையலைத் தலைப்பட்டைகள் கடையிலேயே கிடைக்கின்றன. தமிழ்க் கட்டங்களோடு ஒன்று நம் வீடுகளுக்கும் வரவேண்டும்.