நெடுந்தூர ஓட்டமும் நிதானமும்



மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவில் ஓடப்பெற்ற இத்தூரம், 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பெற்றது. முன்பு தேர்ந்த வீரர்க்கே உரியதாயிருந்த இவ்வோட்டத்தில் இன்று அலுவலகப் பணி புரிவோரும் பெருந்திரளாகக் கலந்துகொள்கின்றனர். 2004இல் தொடங்கிய மும்பைப் போட்டியைக் கருதி விடியலில் எழுந்து பழகுவோருள் நம்மவரும் உளர். ஆர்வம் மிகுந்தோர் பலர் நாள்தோறும் விரைந்தோட முயல்கின்றனர். அது பயன் தராததோடு தீங்கும் தரக்கூடும்.

காரணம் யாது? ஓடுவோர்க்குச் சர்க்கரைச் சத்தும் கொழுப்புமே எரிபொருள்கள். வேகம் கூடுந்தோறும் சர்க்கரை மிகுதியாகச் செலவாகிறது. தசைகளிலும் கல்லீரலிலும் உள்ள அதன் சேமிப்போ பலர்க்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரையே போதுமானது. அது தீர்ந்தபின் கால்கள் கனத்து, உறுதி தளர்கிறது. நிதானமான நீண்ட ஓட்டம் கொழுப்பை எரிக்கும் ஆற்றலை வளர்க்கிறது, தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பெருக்குகிறது, இதயத்தையும் வலுப்படுத்துகிறது.

இம்முறையை உலகறியச் செய்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு. காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்த அவர், மிகக் குறைந்த தூரமும் மிக நீண்ட தூரமும் தாமே ஓடிப் பார்த்து, தக்க அளவைக் கண்டார். தம் மாணவரை வாரத்திற்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓடச் செய்தார். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லும் 22 மைல் மலைப்பாதையில் ஓடிப் பழகினார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல்லும், 5,000 மீட்டரில் மர்ரே ஹால்பெர்க்கும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் பெற்றார்.

இதற்கு மாறாக, செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாட்டோபெக், 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப விரைந்தோடிப் பழகியவர். 1952இல் ஹெல்சிங்கியில் தம் முதல் மாரத்தானிலேயே அவர் வெற்றி கண்டார். ஆயினும் பல்லாண்டுகள் கடும் பயிற்சி செய்த உடல் அவருடையது என்பதை மறத்தலாகாது.

அலுவலகம் செல்வோர் 160 கிலோமீட்டருக்கு ஆசைப்பட வேண்டுவதில்லை. லிடியார்டிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அளவன்று, வரிசை முறையே. முதற்கண் சில மாதங்கள் நிதானமான ஓட்டம். பின்னர்ச் சில வாரங்கள் மேட்டு நிலத்தில் ஏறியோடும் பயிற்சி. அதன்பின்னரே வேகப் பயிற்சி. போட்டிக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்து ஓய்வு. வாரத்தில் ஐந்து நாள் ஓடுவோர் நான்கு நாட்கள் மெதுவாக ஓடுதல் நன்று. உடன் வருபவரோடு மூச்சிரைக்காமல் உரையாட இயலுமாயின், அதுவே தக்க வேகம். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம் வைத்துக்கொண்டு, அதனைப் படிப்படியாக 30 கிலோமீட்டர் வரை உயர்த்தலாம்.

வட இந்தியக் கோடையில் பகலில் ஓடுதல் ஆபத்தானது. கதிரவன் எழுமுன்னரே முடித்துக்கொள்க. நாற்பது வயது கடந்தோர் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றின், அன்று எத்துணைத் தூரம் எஞ்சியிருப்பினும், உடனே நின்று மருத்துவ உதவியை நாடுவதே அறிவுடைமை.