பிக்கப் வண்டியில் கதவுக் கண்ணாடி நிற்கவில்லையா?

பழைய பிக்கப் வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக் காய்கறி, பால், தீவனம் ஏற்றும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். 1986-ல் வெளிவந்த டாட்டா 407 போன்ற சிறு லாரிகளும், அதன் பின் வந்த பிக்கப் வண்டிகளும் கிராமச் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் என்ஜினையும் டயரையும் கவனிப்பவர்கள் கதவைக் கவனிப்பது அரிது. கண்ணாடி இறங்கிப்போனால் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டுச் சந்தைக்குப் புறப்பட்டுவிடுவர்.

இது சிறிய குறை போலத் தோன்றினும் விளைவு சிறிதன்று. உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இரவில் காரட் ஏற்றி இறங்கும் வண்டியில், மழை நேரத்தில் டிரைவர் ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. திறந்த ஜன்னல் வழியே புகும் மழைநீர் கதவின் அட்டையை ஊறவைக்கும். கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டையாகும். பிறகு டின்கர் வேலைக்கு ஆகும் செலவில் கண்ணாடி மெஷின்கள் பல வாங்கிவிடலாம். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டியும் இருக்கிறது.

மெஷின் வேலை செய்யும் விதம்

கதவுக்குள் இருக்கும் இந்தச் சாதனத்தை மெக்கானிக்குகள் கண்ணாடி மெஷின் என்றும், கடைக்காரர்கள் விண்டோ ரெகுலேட்டர் என்றும் சொல்வர். கைப்பிடியைச் சுழற்றும்போது ஒரு சிறு பற்சக்கரம் சுழலும். அது விசிறி வடிவிலுள்ள பெரிய பற்தகட்டைத் தள்ளும். அத்தகட்டோடு சேர்ந்த நீண்ட கை மேலெழுந்து, நுனியிலுள்ள உருளையால் கண்ணாடியைத் தூக்கும். உருளை ஓடுவதற்கென்று கண்ணாடியின் அடியில் ஒரு தகட்டுக் காடி இருக்கிறது.

இதில் இரண்டு ஸ்பிரிங்குகள் உண்டு. கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சிறு டப்பாவுக்குள் இருப்பது பிரேக் ஸ்பிரிங். கைப்பிடி சுழற்றினால் இது விட்டுக்கொடுக்கும். கண்ணாடியின் எடை கீழே இழுத்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று கடிகாரச் சுருள் போன்ற பெரிய ஸ்பிரிங். மூன்று நான்கு கிலோ எடையுள்ள கண்ணாடியைத் தூக்க இது துணை செய்கிறது. பிரிக்கும்போது ஆபத்தை விளைவிப்பதும் இதுதான்.

முதலில் குறையை அறிய வேண்டும்

கண்ணாடி ஏறவில்லை என்றவுடன் மெஷின் போய்விட்டது என்று முடிவு செய்வது தவறு. கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்து கண்ணாடி அசையாவிட்டால், கைப்பிடியின் உட்புறப் பல் தேய்ந்திருக்கலாம். மறு கதவின் கைப்பிடியை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் செலவு கைப்பிடியோடு போயிற்று. ஓரிடத்தில் மட்டும் 'கடக்' என்று நழுவினால் பற்தகடு தேய்ந்திருக்கிறது. ஏற்றிய கண்ணாடி வண்டியின் அதிர்வில் தானே இறங்கினால் பிரேக் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கண்ணாடி ஒருபுறம் சாய்ந்து ஏறினால் உருளை உடைந்திருக்கும், அல்லது காடி துருவால் அரிக்கப்பட்டிருக்கும்.

மிக முக்கியமானது வேறொன்று. கண்ணாடி மேலும் கீழும் ஓடும் சட்டத்திலுள்ள ரப்பர் அல்லது ஃபெல்ட் பட்டை வெயிலிலும் புழுதியிலும் காய்ந்து கல்லாகிவிடுகிறது. கண்ணாடி அதில் சிக்க, டிரைவர் கைப்பிடியை வலுவாகத் திருக, பற்கள் தேய்கின்றன. மெஷின் தேய்வதற்குப் பெரும்பாலும் இதுவே மூல காரணம். பட்டையை அப்படியே விட்டு மெஷினை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும்.

பிரிக்கும் முறை

கண்ணாடியை முழுவதும் ஏற்றிய நிலையில் கைப்பிடி எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் கைப்பிடியை நடுவிலுள்ள திருகைக் கழற்றி எடுக்கலாம். திருகு இல்லாவிட்டால் உள்ளே லாட வடிவக் கம்பிக் கிளிப் இருக்கும். பழைய துணி நாடா ஒன்றைக் கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் இருபுறமும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளிவரும். அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்துக் கதவின் அட்டையை ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் தட்டைத் திருப்புளி கொடுத்து மெல்ல நெம்ப வேண்டும். ஒரே இழுப்பில் பிடுங்கினால் ஊறிய அட்டை கிழியும். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளை வேண்டாத பொருள் என்று கிழித்தெறியும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கதவுக்குள் இறங்கும் நீர் அட்டைக்கு வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்.

பிறகு கைப்பிடியைத் தற்காலிகமாக மாட்டி, உருளை கதவின் திறப்புக்கு நேராகத் தெரியும் வரை கண்ணாடியை நகர்த்த வேண்டும். இப்போது உதவிக்கு ஓர் ஆள் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது நல்லது. மெஷினின் கையைக் கம்பியால் கதவுச் சட்டத்தோடு கட்டிய பின்பே உருளையைக் காடியிலிருந்து நழுவவிட வேண்டும். கட்டாமல் விட்டால் சுமை நீங்கிய சுருள் ஸ்பிரிங் கையை மேல்நோக்கி வீசும், விரல் நசுங்கும். உருளை விடுபட்டதும் கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி, கதவின் மேற்சட்டத்தோடு சேர்த்து அகலமான நாடாவால் கட்டி, ஓர் ஆப்பும் செருக வேண்டும்.

மெஷினைப் பிடித்திருக்கும் போல்டுகளை எடுத்து, கட்டிய கையைப் பிடித்தபடியே மெல்லத் தளரவிட்டு, பெரிய திறப்பின் வழியே சாய்த்து வெளியே எடுக்கலாம். கதவுத் தகட்டின் விளிம்பு கத்தி போன்றது. கை உறை இல்லாவிட்டால் கோணித் துணியாவது சுற்றிக்கொள்க. சில வண்டிகளில் போல்டுக்குப் பதில் ரிவிட் இருக்கும். அதைத் துளைத்தெடுத்து போல்ட் நட்டு போடலாம்; ஆனால் நீளமான போல்ட் உட்புறம் நீட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறும். குட்டையான போல்டும் ஸ்பிரிங் வாஷருமே ஏற்றவை. வெளியே எடுத்த மெஷினின் சுருள் ஸ்பிரிங்கையோ சிறு பற்சக்கரத்தையோ வீட்டில் கழற்றிப் பார்க்க முயலக்கூடாது. பற்தகட்டை முடக்காமல் கழற்றினால் அது வேகமாகச் சுழன்று கையை வெட்டிவிடும்.

புதியது வாங்கும்போது

பழையதைக் கடைக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பானது. இடது கதவுக்கும் வலது கதவுக்கும் மெஷின் வேறு. கையின் நீளம், போல்ட் துளைகளின் இடைவெளி, கைப்பிடி மாட்டும் அச்சின் பற்கள் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்குவோர் பற்தகட்டை முழுவதும் ஓட்டிப் பார்த்து வாங்குவர்.

கண்ணாடி சட்டத்திற்குள் இறுக்கமாக இருக்கிறதென்று அதன் ஓரத்தைத் தேய்க்கச் சொல்வோர் உண்டு. பக்கக் கண்ணாடி சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. அதை அறுக்கவோ தேய்க்கவோ இயலாது. ஓரத்தில் பட்டால் முழுதும் பொடிப்பொடியாகச் சிதறும். தேய்ந்த பட்டையை மாற்றுவதே வழி.

பொருத்தும் முறை

கதவு திறந்திருக்கும் இவ்வேளையில் அடியில் தேங்கிய மண், வைக்கோல், தவிடு அனைத்தையும் வாரி எடுத்துவிட வேண்டும். கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் நீர் வடிவதற்கானவை. அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்து, துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு பூச வேண்டும்.

பற்களுக்கும், மூட்டுகளுக்கும், உருளை ஓடும் காடிக்கும் கிரீஸ் இடலாம். ரப்பர், ஃபெல்ட் பட்டைகளுக்குக் கிரீஸோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. ரப்பர் உப்பிப்போகும், கிரீஸில் ஒட்டும் மணல் கண்ணாடியைக் கோடிடும். முகப்பவுடர் தூவுவதே போதும். சிலிகான் ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது.

புதிய மெஷினை உள்ளே வைத்து போல்டுகளை விரலால் மட்டும் முடுக்கி, உருளையைக் காடியில் ஏற்றிக் கண்ணாடியை இருமுறை மேலும் கீழும் ஓட்ட வேண்டும். அது சட்டத்தில் நேராக அமர்ந்த நிலையில் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் கண்ணாடி கோணலாகவே ஓடும். பிறகு பாலிதீன் தாளை ஒட்டி, அட்டையை மாட்டி, கைப்பிடியைக் குறித்துவைத்த திசையில் பொருத்தலாம். தாள் கிழிந்திருந்தால் உரச் சாக்கின் உட்பையை வெட்டிக் கழுவிக் காயவைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

இறுதியில் கண்ணாடியை ஏற்றி, வெளிப்புறம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். கதவின் அடித்துளைகள் வழியே நீர் சொட்ட வேண்டும். அட்டையின் அடியில் ஈரம் தெரிந்தால் தாள் சரியாக ஒட்டப்படவில்லை என்று பொருள்.