பாட்டில் நிறையத் தண்ணீர், ஆனாலும் தாகம்! எப்படித் தெரியுமா?

உள்ளங்கையில் சுருண்டு தூங்கும் ஹாம்ஸ்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் தெரியுமா? 100 கிராம் எடைக்குச் சுமார் 10 மில்லி. இரண்டே தேக்கரண்டி! 'பூ, இவ்வளவுதானா?' என்கிறீர்களா? அதே கணக்கில் 60 கிலோ ஆசாமி குடித்தால் 6 லிட்டர்!

இத்தனைக்கும் அது வறண்ட சீமைக்காரர். 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டி, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி. இன்று வீடுகளில் சக்கரம் சுற்றும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே வளையின் வாரிசுகள்! சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் சிறுநீரகம் அதற்கு உண்டு. ஆனால் வயலில் பச்சைத் தழையும் கிடைக்கும். கூண்டில் நாம் போடுவதோ உலர்ந்த தானியம். தண்ணீர் இல்லாமல் தீராது.

கூண்டில் தலைகீழாகத் தொங்கும் பாட்டில் ஏன் கொட்டுவதில்லை? குழாய் நுனியில் இருக்கிறதே ஒரு எஃகுக் குண்டு, சைக்கிள் பேரிங்கில் இருப்பது போல, அதுதான் வாசலை அடைத்து நிற்கிறது. வெளிக்காற்றின் அழுத்தமும் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. இளஞ்சிவப்பு நாக்கு குண்டை நெம்பியதும் ஒரு சொட்டு இறங்கும். உள்ளே 'குபுக்' என்று ஒரு குமிழி ஏறும். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்!

பாதி காலியான பாட்டிலை வெயிலில் மாட்டினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். 'லீக்கே ஆகாது' என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும்தான்! வெயில் பட்டால் பச்சைப் பாசியும் பிடிக்கும். மிச்சத் தண்ணீரின் மேலேயே ஊற்றிக்கொண்டு வந்தீர்களா? உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். அந்த வழவழப்பு முழுக்கக் கிருமிக் குடியிருப்பு! தினம் தண்ணீரை மாற்ற வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்பு வாசனை போக அலச வேண்டும். கிண்ணத்தில் வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் கூண்டில் பரப்பிய மரத்தூளை ஹாம்ஸ்டர் அதில் தள்ளிவிட்டுப் போகும், அவ்வளவுதான்!

எல்லாவற்றையும் விட வியப்பு இதுதான்: ஒரு மரத்தூள் துணுக்கோ காற்றுக் குமிழியோ குழாயில் சிக்கினால் போதும், பாட்டில் ததும்பத் ததும்ப இருக்கும், கீழே ஒரு சொட்டு வராது! ஹாம்ஸ்டர் குடிப்பதோ பெரும்பாலும் ராத்திரியில், நாம் தூங்கும்போது. தண்ணீர் மட்டம் குறையவில்லையே என்று சந்தோஷப்படாதீர்கள். படுக்கப் போகுமுன் அந்தக் குண்டை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். விரல் நனைகிறதா?