சீமைப் படிப்புக்கு ஆயத்தம்

சீமைக்குப் போய்ப் படித்தவர் என்றால் ஒரு காலத்தில் பாரிஸ்டர் என்றோ, ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் என்றோ பொருள். அக்காலம் மலையேறிவிட்டது. இன்று நம் யுவர்களும் யுவதிகளும் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, ஹார்வார்டு, பிரின்ஸ்டன் முதலிய மகா கலாசாலைகளின் ஆராய்ச்சி வகுப்புக்களை நாடுகிறார்கள். உபாத்தியாயர்களாகிய நம்மிடம் யோசனை கேட்க வருபவர்களில் பெரும்பாலோர், "எத்தனை மார்க்கு வாங்கினால் இடம் கிடைக்கும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். கேள்வியே கோணல் என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் பரீட்சை ஒரு சல்லடை. லட்சக்கணக்கானவர்களைச் சலித்து எடுப்பதற்கு வேறு வழி நமக்கு அகப்படவில்லை. அங்கே ஆராய்ச்சி மாணவரைத் தேர்ந்தெடுப்பவர்களோ அந்தத் துறையின் ஆசிரியர்களே. வருகிறவருடன் ஐந்தாறு வருஷம் சேர்ந்து உழைக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே மார்க்குப் பட்டியலைப் பார்த்த பிறகு, "இவர் தாமாக ஏதாவது செய்திருக்கிறாரா?" என்று தேடுகிறார்கள்.

மார்க்கு ஒன்றையே பார்ப்பதென்றால் ஸ்ரீநிவாஸ ராமாநுஜனுக்கு எங்கும் இடமில்லை. கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் எப்.ஏ. பரீட்சையில் தேறாமற் போனவர் அவர். 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுக டிரஸ்டில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் செய்யும் உத்தியோகம், வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம், சர்வகலாசாலைப் படிப்பு முற்றுப் பெறாதது, கணிதத்தில் தாம் கண்டுபிடித்தவை ஆகிய எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டு, தேற்றங்கள் நிறைந்த பல பக்கங்களையும் உடன் வைத்தார். ஹார்டிக்கு முன்னால் வேறு இரு கணித நிபுணர்களிடமிருந்து அவருக்கு உதவி கிட்டவில்லை. ஹார்டி நிரூபணங்களைக் கேட்டு எழுதினார். பின்னர் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் சிபார்சினால் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். வருஷத்துக்கு 250 பவுன் கொண்ட பிரயாண காலச் சம்பளத்தில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டுப் படிப்பில் வீட்டுச் செலவு பற்றிய கவலை நேற்றுப் பிறந்ததல்ல!

எஸ். சந்திரசேகரின் கதையும் இதைப் போன்றதே. 1928-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஸோமர்பெல்டு சென்னைக்கு வந்தபோது பிரஸிடென்ஸி கலாசாலை மாணவரான சந்திரசேகர் அவரைச் சந்தித்தார். தாம் படித்த புஸ்தகத்துக்குப் பிறகு பௌதிக சாஸ்திரமே வேறாகிவிட்டது என்று தெரிந்ததும் மனம் சோர்ந்து விடாமல் புதியதைக் கற்றார். சில மாதங்களில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜிலிருந்த பௌலருக்கு அனுப்பினார். அது 1929-இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1930-இல் அரசாங்க உபகாரச் சம்பளத்துடன் அதே பௌலரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் புறப்படும்போது தாயார் நோயுற்றிருந்தார். போகும்படி சொன்னவரும் அந்த அம்மையார்தான். மறு வருஷம் அவர் காலமானார். மகன் கடலுக்கு அப்பால் இருந்தார்.

இத்தகைய மேதைகளை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமாகாது. ஆனால் அவர்கள் சென்ற பாதை சாமானிய மாணவருக்கும் திறந்தே இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன்னால் வேலை, அதுதான் பாதை. நம் நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து கோடை விடுமுறையில் மாணவர்களை இரண்டு மாதம் ஆராய்ச்சிச் சாலைகளுக்கு அனுப்புகின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், தரமணியிலுள்ள கணித விஞ்ஞானக் கழகம் போன்ற இடங்களில் ஒரு கோடையைக் கழித்தவனுக்கு, ஆராய்ச்சி தனக்கு ஒத்து வருமா என்பதாவது விளங்கிவிடும். ஒத்து வராது என்று விளங்கினால் அதுவும் லாபமே.

அடுத்தது, 'எஸ்.ஓ.பி.' என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் நோக்கவுரை. நம் பிள்ளைகள் திணறுவது இங்கேதான். தன்னைப் பற்றித் தானே பேசுவது அடக்கமின்மை என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். காவியம் பாடிய பெரும் புலவர்களும் அவையடக்கம் சொல்லித்தானே தொடங்கினார்கள்? ஆகவே ஒன்று, வாய் திறக்காமல் இருந்து விடுகிறார்கள். அல்லது மறு கோடிக்குப் போய், குழந்தைப் பருவத்தில் நக்ஷத்திரங்களைப் பார்த்து வியந்தது முதல் பிரஸ்தாபித்து, கலாசாலையின் பெருமைகளை அதன் ஆசிரியர்களுக்கே எடுத்துரைக்கிறார்கள். இப்போதோ கம்ப்யூட்டரே வழுவழுப்பான உரை ஒன்றை எழுதித் தந்துவிடுகிறது. அந்த வழுவழுப்பில் ஆளைக் காண முடிவதில்லை. நாம் சொல்லும் யோசனை எளியது. எந்தப் பிரச்னையில் எவ்வளவு நாள் உழைத்தாய், எங்கே முட்டிக்கொண்டாய், இனி எதை அறிய விரும்புகிறாய், அங்குள்ள எந்த ஆசிரியரின் வேலை அதற்கு உதவும்? இவற்றை மட்டும் எழுதினால் இரண்டு பக்கம் தானாக நிரம்பும். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது.

சிபார்சுக் கடிதங்களின் விஷயம் இன்னும் வருந்தத்தக்கது. சாதாரணமாக மூன்று கடிதங்கள் வேண்டும். நம் கலாசாலைகள் பலவற்றில், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு மாரடிக்கும் ஆசிரியரை முழுவதும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பலன் என்ன? நம்மிடம் பள்ளியில் படித்த ஒரு கைத்தறி நெசவாளியின் மகன், பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறியவன், எட்டு இடங்களுக்கு விண்ணப்பம் செய்தான். மூன்று கடிதங்களும் அவன் கைவண்ணமே. மூன்றிலும் ஒரே பாணி ஆங்கிலம், ஒரே விதமான புகழ்ச்சி. எட்டு இடங்களிலும் இல்லையென்று பதில் வந்தது. மறு வருஷம் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்தான். அவனைத் தினமும் பார்த்த விஞ்ஞானி, அவன் செய்த ஒரு பரிசோதனையையும், அதில் நேர்ந்த தவறையும், அதை அவனே கண்டுபிடித்துத் திருத்தியதையும் விவரித்து எழுதினார். அமெரிக்காவில் இரண்டு கலாசாலைகள் அவனை அழைத்தன. மார்க்கு அதே மார்க்குத்தான்.

பரீட்சைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.ஆர்.ஈ. பரீட்சை 2023 முதல் சுமார் இரண்டு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. பல துறைகள் அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. டோபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை சில மாதப் பயிற்சியில் கைகூடும்.

பணத்தைப் பற்றித்தான் பெற்றோர்கள் தெளிவாக அறிய வேண்டும். அமெரிக்காவின் பெரிய கலாசாலைகளில் ஸயன்ஸ், இஞ்சினீயரிங் துறைகளில் பி.எச்டி. மாணவரிடம் பொதுவாகச் சம்பளம் வாங்குவதில்லை. ஜீவனத்துக்கும் அவர்களே கொடுக்கிறார்கள். எம்.எஸ். வகுப்பு அப்படியல்ல, பெரும்பாலும் சொந்தப் பணம் அல்லது கடன். இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டையும் நிலத்தையும் அடமானம் வைத்தவர்களை நாம் அறிவோம். விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 125 டாலர் வரை கட்டணம் உண்டு. வசதியற்றவர் கேட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பட்டணத்துத் தெருக்களில் பலகை தொங்கவிட்டிருக்கும் தரகர்களில் பலர், மாணவரைச் சேர்த்து விடுவதற்கு வெளிநாட்டுக் கலாசாலைகளிடமே கமிஷன் பெறுகிறவர்கள். அவர்கள் நீட்டும் பட்டியல் யாருடைய க்ஷேமத்தைக் கருதியது என்று யோசிக்க வேண்டும்.

போகத்தான் வேண்டுமா என்று கேட்கும் நேயர்களும் இருப்பார்கள். ஸர் சி. வி. ராமன் சென்னையில் எம்.ஏ. படித்தார், கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தார், 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அது நம் பெருமை. ஆயினும் கடல் கடந்தவர்கள் எல்லோரும் தேசத்தை மறந்தவர்கள் அல்லர். கொலம்பியா சர்வகலாசாலையில் ஸெலிக்மன் என்ற பொருளாதார நிபுணரிடம் நம்மவர் இருவர் படித்தார்கள். ஒருவர் பரோடா சமஸ்தானத்தின் உதவியுடன் 1913-இல் சென்ற டாக்டர் அம்பேத்கர். மற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. அந்நிய ஆட்சியின் வரிக்கொள்கை எப்படி நம் ஏழ்மைக்குக் காரணமாயிற்று என்பதை அங்கே ஆராய்ந்த குமரப்பா, 1929-இல் அந்த ஆராய்ச்சியுடனேயே காந்தியடிகளிடம் வந்து சேர்ந்தார். தாவர நூல் வல்லுநர் ஜானகி அம்மாளும் மிச்சிகனில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவரே. பெண்ணை அனுப்பத் தயங்கும் வீட்டார் இந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளலாம்.

காலக் கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பரில் கெடு முடிகிறது. ஆகையால் சிபார்சு கேட்பது ஆகஸ்டிலும், மார்க்குப் பத்திரங்களுக்குச் சர்வகலாசாலை ஆபீஸின் படியேறுவது அதற்கும் முன்னாலும் நடக்க வேண்டும். பதில்கள் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வரும். உபகாரச் சம்பளத்துடன் இடம் கொடுக்கும் கலாசாலைகளில் பெரும்பாலானவை, ஏப்ரல் 15-க்கு முன்னால் மாணவரை முடிவு சொல்லும்படி வற்புறுத்துவதில்லை என்று தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. முதலில் வந்த கடிதத்துக்கே பயந்து அன்றிரவே சம்மதம் எழுதிவிட வேண்டியதில்லை.