உறைக்கு வைத்த யோகட்டில் உயிர் இருந்ததா?

எங்கள் மகளிர் குழுவில் எட்டுப் பேர். மீள்குடியேறிய பின் வளர்த்த மாடுகளின் பாலைச் சேர்த்து யோகட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொரு நாளும் இரண்டு கோப்பையை அடுத்த நாள் உறைக்கென எடுத்து வைப்போம். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது குழுவில் வயதிற் குறைந்த தங்கையின் பொறுப்பு.

ஒரு முறை தொடர்ந்து மூன்று நாள் பால் உறையவில்லை. 60 லீற்றர் பால் வீணாயிற்று. எல்லோருடைய கோபமும் தங்கையின் மேல் திரும்பியது. "உறையை வெளியிலை வைச்சிட்டு மறந்திட்டாய்" என்று நானும் சொன்னேன். "இல்லையக்கா, பெட்டிக்குள்ளைதான் வைச்சனான்" என்று அழுதாள். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. இந்த வருமானத்தில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி உணவு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். மிச்சமிருந்த உறையை ஐஸ் பெட்டியில் வைத்து அவளிடம் கொண்டுபோனேன்.

உயிருள்ளதை எப்படி எண்ணுவது?

பாலை யோகட்டாக்குபவை இரண்டு வகைப் பற்றீரியாக்கள். ஸ்ரெப்ரோகொக்கஸ் தேர்மோபிலஸ் உருண்டையானது. மணிகள் கோத்ததுபோலச் சங்கிலியாக இருக்கும். லக்ரோபசிலஸ் பல்கேரிக்கஸ் கோல் வடிவானது. சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் எனக்குக் காட்டினாள். "இதிலை எது உயிரோடை இருக்கு?" என்று கேட்டேன். "இதிலை தெரியாது அன்ரி. செத்ததும் இப்பிடித்தான் தெரியும். வளரவிட்டுத்தான் பார்க்கவேணும்" என்றாள்.

10 கிராம் யோகட்டை, கிருமி நீக்கிய 90 மில்லிலீற்றர் கரைசலில் கலக்கினாள். அது பத்து மடங்கு ஐதாக்கல். அதில் 1 மில்லிலீற்றரை எடுத்து 9 மில்லிலீற்றர் கரைசலில் விட்டால் நூறு மடங்கு. இப்படியே ஆறாம் படியில் பத்து இலட்சம் மடங்காகிவிடும். ஐதாக்காவிட்டால் எண்ணமுடியாதபடி நெருங்கி வளர்ந்துவிடுமாம். பிறகு பெத்திரிக் கிண்ணங்களில் 1 மில்லிலீற்றர் வீதம் விட்டு, உணவுச்சத்துள்ள ஏகாரை ஊற்றினாள்.

உருண்டை வகைக்கு எம் 17 என்ற ஏகார். 37 பாகை செல்சியஸில் 48 மணித்தியாலம். கோல் வகைக்குப் புளிப்பாக்கிய எம்.ஆர்.எஸ். ஏகார், ஒட்சிசன் இல்லாத பெட்டியில் அதே வெப்பநிலையில் 72 மணித்தியாலம். உயிருள்ளது பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். இதைக் கொலனி என்பார்கள். செத்தது புள்ளி போடாது. ஒரு சங்கிலி முழுவதும் ஒரே புள்ளியாகவும் வரலாம் என்பதால், விடையைப் 'பற்றீரியா இத்தனை' என்று எழுதாமல் 'கொலனி உருவாக்கும் அலகு இத்தனை' என்றே எழுதுகிறார்கள். இப்போது சாயமும் லேசர் ஒளியும் கொண்டு சில மணித்தியாலத்தில் எண்ணும் கருவிகளும் உண்டு.

ஒரு பெண்ணின் சமையலறையிலிருந்து

இந்த ஏகார் கடற்பாசியிலிருந்து எடுப்பது. நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரிகள் காய்ச்சும் கடற்பாசியும் இதுவே. இதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண். ஜேர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, வெப்பத்தில் ஜெலற்றீன் உருகுவதால் சிரமப்பட்டார். அவருடைய மனைவி ஃபனி ஹெஸ்ஸே, தான் இனிப்புப் பண்டங்களுக்குப் பாவித்த ஏகாரை 1881இல் சொல்லிக் கொடுத்தார். 1882இல் கொக் ஏகாரைப் பற்றி எழுதியபோது அந்தப் பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கிடைத்த விடை

உருண்டை வகை ஆறாம் படிக் கிண்ணத்தில் 112 புள்ளி. அதாவது கிராமுக்கு 11 கோடி 20 இலட்சம். கோல் வகை ஐந்தாம் படியில் 64. அதாவது 64 இலட்சம். யோகட்டில் கிராமுக்கு ஒரு கோடியாவது இருக்கவேண்டும் என்பது சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸின் அளவு. எங்கள் உறை உயிரோடுதான் இருந்தது. தங்கை மேல் பிழையில்லை.

அப்படியானால் பிழை எங்கே? "எத்தனை பாகையிலை உறை விட்டனீங்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. பால் காய்ச்சுவது நான். 5 லீற்றர் பானையை விட்டு 20 லீற்றர் பானைக்கு மாறியது அந்தக் கிழமையில்தான். பழைய பானைக்கு மணிக்கூடு பார்த்து ஆறவிட்ட அதே நேரம்தான் இதற்கும் விட்டேன். பெரிய பானை மெதுவாகத்தான் ஆறும். அடுத்த முறை வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 62 பாகை! உறை விடவேண்டியது 42–45 பாகையில். உறையிலிருந்த உயிரின் பெரும்பகுதியை அவித்தது நான்தான்.

அன்று பின்னேரமே தங்கையின் வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள்.

வீட்டில் செய்யக்கூடியது

சகோதரிகளே, ஆய்வுகூடம் தூரமாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பாலைக் கொதிக்கவைத்து, வெப்பமானியில் 43 பாகைக்கு ஆறவிட்டு, சுத்தமான இரண்டு கோப்பையில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உறை விட்டு, இரண்டையும் இளஞ்சூட்டில் மூடி வையுங்கள். ஆறேழு மணித்தியாலத்தில் உறை விட்டது மட்டும் உறைந்தால் உறைக்கு உயிர் உண்டு. விடாததும் உறைந்தால் பாத்திரத்திலோ பாலிலோ வேறு கிருமி சேர்ந்திருக்கிறது. எத்தனை கோடி என்பதையும், தீங்கான கிருமி உண்டா என்பதையும் இது சொல்லாது; அதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும்.

எங்கள் பானைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வெப்பமானி தொங்குகிறது. உறை விடலாம் என்று சொல்வது தங்கைதான்.