பழைய வீடும் புறச்சுவரின் வெப்பக்காப்பும்

குளிர்நாட்டு வீடொன்றின் புறச்சுவர் இரு தொழில்களை ஒருங்கே ஆற்றுதல் வேண்டும். உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியேறவிடாது காத்தல் ஒன்று. தன்னுட் புகுந்த ஈரத்தை வெளியேற்றி உலர்தல் மற்றொன்று. முன்னதை மட்டுங் கருதிப் பின்னதை மறப்போர், வீட்டைத் திருத்தப் புகுந்து வீட்டையே கெடுத்தவராவர். இவ்வுண்மையை இங்கிலாந்தின் பழைய வீடுகளைக் கொண்டு விளக்க முயல்வோம். ஈழத்தமிழர் பலர் இன்று அந்நாட்டில் வாழ்வதால், இது நமக்கு முற்றிலும் புறம்பான பொருளன்று.

விக்டோரியா அரசியார் காலத்தில் (1837–1901) அங்கு நிரைநிரையாக எழுந்த வீடுகள் பெரும்பாலும் 9 அங்குலச் செங்கற் சுவர்களைக் கொண்டவை. இடைவெளி விட்டுக் கட்டும் இரட்டைச் சுவர் 1920களின் பின்னரே பெருவழக்காயிற்று. உள்ளும் புறமும் 1 பாகை செல்சியசு வேறுபடுமாயின், பழைய திண்சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரூடாகவும் ஏறத்தாழ 2 உவாற்று வெப்பம் வெளியேறும். 100 மில்லிமீற்றர் தடித்த கற்கம்பளியை அதன்மேற் போர்த்தினால், அவ்விழப்பு ஏறத்தாழ 0.3 உவாற்றாகக் குறையும். கம்பளியின் இழைகளிடையே அசைவின்றிச் சிறைப்பட்ட காற்றே இதற்குக் காரணம். அசையாத காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவது.

இப்போர்வையைச் சுவரின் உட்புறத்தில் இடுவதா, வெளிப்புறத்தில் இடுவதா என்பது அடுத்த வினா. 20 பாகை வெப்பமும் 60 சதவீத ஈரப்பதனும் உடைய அறைக்காற்று, ஏறத்தாழ 12 பாகைக்குக் குளிர்ந்ததும் நீராக ஒடுங்கத் தொடங்கும். உட்புறத்திற் போர்த்தினால் செங்கற் சுவர் முன்னிலும் குளிர்ந்துவிடும். போர்வையின் பின்னே சென்ற நீராவி அங்கே ஒடுங்கும். சுவரிற் பதிந்த மரவளைகளின் முனைகள் உக்கக்கூடும். வெளிப்புறத்திற் போர்த்தினாலோ சுவர் முழுவதும் வெதுவெதுப்பாய் இருக்கும். மழையும் அதனைத் தாக்காது. எனினும் வீட்டின் முகப்பு மாறுமாதலின், மரபுரிமைப் பகுதிகளில் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெறவேண்டி வரும்.

வெளிப்போர்வையும் குற்றமற்றதன்று. நனைந்த சுவரை நீராவி புகாப் பொருளால் மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். யன்னலோரத்திலும் கூரையின் இறவாணத்திலும் இடைவெளி விடப்படின், மழைநீர் போர்வையின் பின்னே இறங்கும். போர்த்தப்படாது விட்ட இடங்கள் குளிர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். இவை வெறுங் கற்பனையல்ல. பிரித்தானியாவின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025 ஒற்றோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022க்குப் பின் அரசாங்கத் திட்டங்களின்கீழ் வெளிப்போர்வை இடப்பட்ட வீடுகளுள் 98 சதவீதமானவை, அதாவது 22,000க்கும் 23,000க்கும் இடைப்பட்ட தொகையின, பெருங்குறைபாடு உடையன என அது மதிப்பிட்டது. திறன் குன்றிய வேலையாட்களும் தரவிதிகளிலிருந்த தெளிவின்மையும் காரணங்களுள் அடங்கும். எளியோருக்கு உதவ எழுந்த திட்டமே அவர்தம் இல்லங்களிற் பலவற்றுக்கு ஊறாயிற்று.

ஆதலின் வேலையின் ஒழுங்கு முறை இன்றியமையாதது. முதலில் ஒழுகும் பீலிகளையும் வெடிப்புகளையும் செப்பனிட்டு, சுவரை அண்டி உயர்ந்துள்ள மண்ணை அகற்றிச் சுவரை உலரவிடல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய சுவரின் மூட்டுகளைச் சீமெந்தினாலன்றிச் சுண்ணாம்பினாலேயே பூசுதல் தகும். பின்னர் கற்கம்பளி, மரநார்ப் பலகை போன்ற நீராவி ஊடுசெல்லும் பொருள்களைத் தெரிந்து இடுதல் வேண்டும். போர்வையின் தடிப்புக்கேற்ப யன்னற் படிகளையும் இறவாணத்தையும் நீட்டுதல் வேண்டும். இறுதியாக, சமையலறையினின்றும் குளியலறையினின்றும் ஈரக்காற்று வெளியேற வழி செய்தல் வேண்டும்.

நோயின் காரணத்தை நாடாது மருந்திடும் வைத்தியனை நாம் நம்புவதில்லை. வீட்டைத் திருத்துவோனும், போர்வையை விலை பேசுமுன் சுவரின் ஈரத்தை ஆராய்தல் கடனாகும்.